விட்டுப்போனவர்களின் வாத்தியங்கள்

– உந்தப் பைக்கு மேலை ரோல்ஸ் பெட்டியை வையாதை, அக்கா.

– பின்னை எங்கை வைக்கிறது, கிளி? வான் முழுக்க உன்ரை சாமான். பின் சீற் ரெண்டையும் கழட்டிக் கராச்சுக்குள்ளை போட்டிட்டு வந்திருக்கிறன். உன்ரை அத்தான் ஒரு மாதத்துக்குப் புறுபுறுப்பார்.

– இஞ்சை தா, மடியிலை வைச்சிருக்கிறன்.

– வைச்சிருந்து என்ன பிரயோசனம்? இறைச்சி ரோல்ஸ் தின்னமாட்டாய். வீகனாம். நண்டும் கணவாயும் திண்டு வளந்த வாய். ஊர்காவற்றுறைச் சந்தையிலை உன்னைக் கண்டால் மீன்காரர் எழும்பி நிண்டு இடம் விடுவினம்.

– அது போன பிறவி, மேற்.

– அக்காவை மேற் எண்டு கூப்பிடாதை. பேர்த்திலை ஆடு மேய்க்கிறவனை அப்பிடிக் கூப்பிடு. அதுசரி, கிற்றார்ப் பெட்டிக்கு மேலை என்ரை சீலைப் பையை வைச்சனான், நீ வாய் திறக்கேல்லை. உந்த உருளைப் பையிலை மட்டும் அப்பிடி என்ன இருக்கு?

– புதுச் சாமான். பேந்து காட்டுறன்.

– விரலிலை உதென்ன பிளாஸ்டர்?

– சாமான் ஏத்தேக்கை நசுங்கினது.

– எல்லா விரலுமோ?

– எல்லா விரலாலையும்தானே தூக்கினது.

– என்ரை அந்தோனியாரே. நாப்பத்தைஞ்சு வயசு, தோள் மட்டும் தலைமயிர், வாய்க்கு மட்டும் ஒரு குறையுமில்லை. ஏன் ஒரு கார் கூட அசையுதில்லை?

– ஞாயிற்றுக்கிழமையிலை உங்கடை ஊர் இப்பிடித்தானோ?

– ஞாயிற்றுக்கிழமை இந்தக் கார்டினர் மேல்றோட்டு காத்து மாதிரிப் போகும். மோர்னிங்சைட்டிலையிருந்து டவுன்ரவுணுக்கு அரை மணித்தியாலம். அதுக்குத்தான் உன்னை நான் கூட்டிக்கொண்டு போறன் எண்டனான். எங்கையோ அடிபட்டிருக்கு.

– றேடியோவைப் போடு, சொல்லுவாங்கள்.

– தமிழ் றேடியோ வேண்டாம்.

– ஏன், செய்தி கேட்டால் என்ன?

– வேண்டாம் எண்டால் வேண்டாம். காலமை தொடங்கி அதே செய்தி, தலையிடிக்குது. இங்கிலீசிலை போடு.

– சரி, இங்கிலீசு… கேட்டியோ, அக்கா? எங்கடை ஆக்களாம். ஆயிரக்கணக்கிலை ஏறி றோட்டுக்கு நடுவிலை இருக்கினமாம். குழந்தைப்பிள்ளை வண்டிலோடை பொம்பிளையளும் முன்னுக்கு நிக்கினமாம். ஊரிலை நடக்கிற சண்டையை நிப்பாட்டச் சொல்லி.

– இந்த மேல்றோட்டிலையோ?

– இந்த மேல்றோட்டிலைதான். இஞ்சையிருந்து பாத்தால் கொடி கூடத் தெரியுது, அந்தப் பச்சைப் பலகைக்கு அங்காலை.

– ஆண்டவரே. உன்ரை மருமோள் லைப்ரறிக்குப் போறன் எண்டு போனவள்.

– ஸ்டெபனியோ? புத்தகத்தோடையோ?

– போர்வையோடை. நான் கேக்கேல்லை. லைப்ரறியிலை குளிர்தானே எண்டு நினைச்சன். பொறு, போனிலை மெசேஜ் ஒண்டு விழுந்திருக்கு. வாசி, என்னட்டைக் கண்ணாடி இல்லை.

– "அம்மா, ப்ளீஸ் கார்டினர் எடுக்காதேங்கோ. சொறி. ஹாப்பி மதர்ஸ் டே."

– எப்ப அனுப்பினவள்?

– நாங்கள் ஏறினாப்பிறகு.

– நல்ல வளர்ப்பு. காலமை பூங்கொத்துத் தந்தாள், பின்னேரம் தாயின்ரை றோட்டை மறிக்கிறாள். சிரிக்காதை, கிளி. நீ எத்தினை மணிக்கு அங்கை நிக்கவேணும்?

– ஏழு மணிக்குச் சவுண்ட் செக். மேடைக்கு ஒம்பது. முதல் அரைமணித்தியாலம் எனக்கு. பிறகு அந்தச் சின்னப் பொடியங்கள். சனம் அவங்களுக்குத்தான் வருது, எனக்கில்லை.

– அந்த நியூயோர்க் தட்டுக் கொம்பனி மனுசன்?

– அவர் எனக்கு. எனக்கு மட்டும் பிளேன் ஏறி வாறார்.

– அவருக்குப் பிடிச்சால்?

– என்ரை பழைய பாட்டுத் தட்டெல்லாத்தையும் திருப்பி அடிப்பினம். மாரியிலை ஐரோப்பா முழுக்க வாசிப்பன். பிடிக்காட்டி வாற மாதம் திருப்பியும் பேர்த் தபால் கந்தோரிலை நிண்டு காயிதம் பிரிப்பன். அதுவும் பிரச்சினை இல்லை.

– பிரச்சினை இல்லையாம். ராத்திரி முழுக்க பேஸ்மென்ரிலை குறுக்கும் நெடுக்கும் நடந்தாய், எனக்குக் கேட்டது.

– நேரம் மாறினதாலை நித்திரை வரேல்லை.

– நீ இண்டைக்கு வாசிக்கத்தான் வேணும், கிளி. இந்த வானை நான் தோளிலை சுமந்தெண்டாலும் கொண்டுபோய் விடுவன்.

– ஆனால் கோயில் ஆக்களுக்கு நீ வேறை கதை சொல்லியிருக்கிறாயாம். காலமைப் பூசை முடிய மரியம்மா அன்ரி என்னட்டைக் கேட்டவ, ஓகன் வாத்தியம் திருத்துற வேலை எத்தினை நாளெடுக்கும் எண்டு.

– பின்னை என்ன சொல்லுறது? ஊரெல்லாம் கலியாணவீட்டைக் கூடத் தள்ளி வைச்சுக்கொண்டிருக்கு. அரங்கேற்றம் எல்லாம் நிப்பாட்டியாச்சு. கோயில் பிக்னிக்கும் இல்லை. இந்த நேரத்திலை என்ரை தம்பி கலர் லைற்றுக்குக் கீழை நிண்டு பாட்டுக் கச்சேரி செய்ய வந்திருக்கிறான் எண்டு சொல்லவோ? ஒஸ்ரேலியாவிலையிருந்து பெரிய ஓகன்காரன், மாதாகோயில் ஓகனெல்லாம் திருத்த வந்தவன் எண்டன்.

– உங்கடை கோயில் ஓகனிலை ஒரு கட்டை இறுகித்தான் கிடக்கு. பூசை முடியப் பாத்தனான்.

– அதையும் திருத்திப் போட்டுப் போ. நான் பொய் சொன்னதாக இருக்காது.

– அக்கா, உனக்கு வெக்கமோ? நான் இந்த நேரத்திலை வாசிக்கிறது.

– எனக்கென்ன வெக்கம்? மற்றவை என்ரை தம்பியைப் பற்றிக் கதைக்கக் கூடாது, அவ்வளவுதான். நீ இந்தப் பாட்டை விட்டிட்டு ஒரு வேலையைப் பாரெண்டு அம்மா சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தா. நான் ஒருநாளும் சொன்னதில்லை.

– இல்லை. நீ சொன்னதில்லை.

– அலெக்ஸும் சொன்னதில்லை.

– அலெக்ஸ் அண்ணையிட்டையிருந்து போன் ஏதும் வந்ததோ, அக்கா?

– இல்லை. எப்பிடி வரும்? அங்கை சண்டை நடக்கிற இடத்துக்கு உள்ளுக்கை ஒரு வசதியும் இல்லையே. காம்புக்கு வந்திருப்பான். அங்கையும் லைனிலை நிண்டுதான் போன் எடுக்கவேணுமாம். அவன் லைனிலை நிப்பானே?

– நிக்கமாட்டார். ஆள் பின்னாலை போய் முன்னுக்கு வருவார்.

– அதுதான். வருவான். நீ யோசியாதை. இஞ்சை பார், ஒரு கார்க்காரன் கதிரை எடுத்து வெளியிலை போட்டிட்டான். இப்போதைக்கு நாங்கள் போறேல்லை. உன்ரை கதையைச் சொல்லு.

– என்ன கதை?

– உன்ரை கதை. ஒருநாளும் எனக்கு வடிவாச் சொன்னதில்லை. போனெடுத்தால் "நல்லா இருக்கிறன் அக்கா, பிரச்சினை இல்லை." அவ்வளவுதான். பேப்பரிலை போட்டிருக்கு, கிளிபோட் எண்ட இவர் பதினொரு வாத்தியம் வாசிப்பார் எண்டு. ஊரிலையிருந்து வெளிக்கிடேக்கை உனக்கு ஆர்மோனியம் மட்டும்தானே தெரியும்?

– அதுவும் கோயில் ஆர்மோனியம். ரெண்டு கட்டை ஊமை.

– பின்னை மற்றதெல்லாம் எங்கை படிச்சனி?

– நான் ஒண்டையும் விரும்பிப் படிக்கேல்லை. ஆக்கள் விட்டிட்டுப் போனது.

– விளங்கச் சொல்லு.

– பேர்த்துக்குப் போய் என்ஜினியரிங் படிக்கேக்கை, ஞாயிற்றுக்கிழமையளிலை ஒரு கோயிலிலை ஓகன் வாசிச்சனான். ஒரு கலியாணம். மாப்பிளைக்கு என்னைவிட நீளமான தலைமயிர், பேர் மிக். பூசை முடிய வந்து கேட்டான், இதையே இன்னும் மெதுவா, இன்னும் பெரிய சத்தமா வாசிப்பியோ எண்டு. ஓமெண்டன். அடுத்த கிழமை அவன்ரை ஷெட்டுக்குள்ளை நிக்கிறன். சோல்ற் லேக் சண்டே எண்டு பாண்டுக்குப் பேர். சைக்கடெலிக் றொக்.

– எண்டால் என்ன?

– ஒரு பாட்டு இருபது நிமிசம் போகும். சுவரெல்லாம் எண்ணெயும் சாயமும் கலந்த லைற் உருகி ஓடும். சனம் கண்ணை மூடிக்கொண்டு நிக்கும்.

– எங்கடை கோயில்லை பெரியவெள்ளிக்கிழமை மாதிரி.

– அதேதான். அதாலைதான் எனக்குப் பிடிச்சது. அதோடை அவங்களிட்டை ஒரு சித்தார்காரன் இருந்தவன், இங்கிலீசுக்காரன். அவன் குருவைத் தேடி இந்தியாவுக்குப் போட்டான். போகேக்கை சித்தாரை என்ரை கையிலை தந்திட்டு, உனக்குத்தான் தெரிஞ்சிருக்குமே எண்டான்.

– உனக்கோ?

– நான் சித்தாரை முதல் முதல் கண்டது அண்டைக்குத்தான். ஆனால் இவன் கறுவல், இவனுக்கு ரத்தத்திலை ஓடும் எண்டு அவங்கள் முடிவெடுத்திட்டாங்கள். நானும் மறுக்கேல்லை. ஒரு மாதம் ஷெட்டிலை இருந்து இழுத்தன். முதல் கச்சேரிக்கு ஒரு கிழவி வந்து காலிலை விழுந்தவ.

– என்ரை அந்தோனியாரே. பிறகு?

– பிறகு பேஸ் கிற்றார்க்காரன் கலியாணம் கட்டினான், மாமனுக்குக் கோதுமைப் பண்ணை. கிற்றாரைச் சுவரிலை சாத்திப்போட்டுப் போனான், நான் எடுத்தன். ட்ரம்ஸ் அடிச்சவன் இரும்புச் சுரங்கத்துக்குப் போனான், அங்கை நல்ல சம்பளம். ட்ரம்ஸ் செற்றை வெளியிலை இழுக்கப் பஞ்சிப்பட்டு விட்டிட்டுப் போட்டான். பாட்டுக்காரன் வீடு விக்கிற ஏஜென்ற் ஆகிட்டான்.

– அவன்ரை குரலையும் விட்டிட்டுப் போனவனோ?

– பாட்டை விட்டிட்டுப் போனான். நான் பாடினன். ஒவ்வொருத்தரும் போகப்போக எனக்கு ஒவ்வொண்டு கூடினது. கடைசியிலை நானும் மிக்கும்தான் பாண்ட்.

– மிக்?

– மிக் ஷெட்டிலை, காலமை, கிற்றார்ச் சத்தப்பெட்டி போடக் குனிஞ்சவன், எழும்பேல்லை. நெஞ்சுவருத்தம். அவன்ரை கிற்றாரை நான் ஒரு வருசம் பெட்டியாலை எடுக்கேல்லை. பிறகு அவன்ரை பெண்சாதி வந்து பூட்டைத் திறந்து கையிலை தந்தவ.

– பாவம்.

– அதுக்குப் பிறகு நான் தனிய. என்ரை தட்டுகளிலை எல்லா வாத்தியமும் நான் எண்டு போட்டிருக்கும். எல்லாரும் அதைக் கெட்டித்தனம் எண்டு நினைக்கினம். கெட்டித்தனம் இல்லை, அக்கா. மிஞ்சினவன் நான், அவ்வளவுதான்.

– மேடையிலை எப்பிடித் தனிய? உனக்கு ரெண்டு கைதானே?

– காலுக்குக் கீழை ஒரு பெட்டி இருக்கு. முதல் ட்ரம்ஸ் அடிப்பன், அது பிடிச்சு வைச்சுச் சுத்திச் சுத்தி அடிக்கும். அதுக்கு மேலை பேஸ். அதுக்கு மேலை ஓகன். அப்பிடியே அடுக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

– நீ எழும்பிப் போனாலும் முதல் அடிச்சது கேட்டுக்கொண்டிருக்குமோ?

– நிப்பாட்டுமட்டும் கேக்கும்.

– போனவையோடை சேந்து வாசிக்கிற மாதிரி.

– ஓம். அதை ஒரு பேப்பர்காரனும் எழுதேல்லை.

– எண்டால் ஆள் இருக்குமட்டும் நீ அவன்ரை வாத்தியத்தைத் தொடமாட்டாய்?

– தொடமாட்டன். அது எனக்குச் சட்டம். அதைப் போட்டது நானில்லை, அலெக்ஸ் அண்ணை. உனக்கு நினைவில்லையோ, மத்தளக் கதை?

– நினைவிருக்கு. சொல்லு.

– கோயில் கூத்து. அண்ணைக்கு அம்மாள் வருத்தம் வந்து படுத்திட்டார். கூத்துப் பழக்கத்துக்கு ஆளில்லை எண்டு நான் அவற்றை மத்தளத்தை எடுத்து ரெண்டு தட்டுத் தட்டிப்போட்டன். வேப்பிலைக்குள்ளை கிடந்த மனுசன் அதை அறையிலை இருந்து கேட்டிட்டார்.

– எழும்பி வந்தவன். உடம்பெல்லாம் கொப்புளம். அம்மா குழறினவ.

– வந்து அடிக்கேல்லை. மத்தளத்தை வாங்கி, துணியாலை துடைச்சு, தன்ரை பக்கத்திலை படுக்க வைச்சார். வைச்சிட்டுச் சொன்னார், "நான் செத்தாப்பிறகு தொடு." அவ்வளவுதான்.

– பதினாறு வயசிலை கதைக்கிற கதை.

– நான் அதைப் பிடிச்சுக்கொண்டிட்டன். என்ரை ரெண்டாவது தட்டுக்கு மத்தளம் ஒண்டு இருந்தால் திறமாயிருக்கும் எண்டு ஒலிப்பதிவுகாரன் சிங்கப்பூரிலையிருந்து ஒண்டு எடுப்பிச்சுத் தந்தான். நான் உறை கழட்டாமல் திருப்பிக் குடுத்திட்டன். சமாதான காலத்திலை அண்ணையோடை போனிலை கதைக்கேக்கை கேட்டன், இப்பவாவது தொடலாமோ எண்டு. சிரிச்சார். "நான் இன்னும் சாகேல்லை, பொறடா" எண்டார்.

– அவனுக்கு எப்பவும் விளையாட்டு.

– எனக்கு அந்தச் சிரிப்புத்தான் இண்டைக்கும் கேக்குது… நான் ஒருக்கா இறங்கி முன்னுக்குப் போய்ப் பாத்துக்கொண்டு வாறன்.

– எதுக்கு? இருந்த இடத்திலை இரு.

– கால் விறைச்சுப் போச்சு. ஸ்டெபனியையும் கண்டுகொண்டு வாறன். அசைஞ்சால் ஹோர்ண் அடி, ஓடி வாறன்.

– ஆரோடையும் மினைக்கெட்டுக் கதைச்சுக்கொண்டு நில்லாதை. கேட்டியோ? கிளி…

– …

– ஹலோ. ஓம், இஞ்சேருங்கோ, கதையுங்கோ. ஸ்பீக்கரிலை போட்டிருக்கிறன். கிளி இறங்கிப் போட்டான்.

– றோட்டிலையே நிக்கிறியள், அன்ரனெற்? ரீவியிலை பாத்தனான். ஸ்டெபனியையும் பாத்தனான்.

– அழுகிறாளோ?

– தண்ணிப் போத்தல் குடுத்துக்கொண்டு நிக்கிறாள். விசயத்துக்கு வா. சொல்லிட்டியோ?

– இல்லை.

– வெள்ளிக்கிழமை, அவன் வந்து இறங்கட்டும் எண்டாய். நேற்று, சாப்பிடட்டும் எண்டாய். இண்டைக்கு அவன்ரை பக்கத்திலை ஒரு மணித்தியாலமா இருக்கிறாய். செத்தது அவன்ரை கூடப்பிறந்தவனடி. விளங்குதோ?

– எனக்கு மட்டும் கூடப்பிறக்கேல்லையோ?

– நான் அப்பிடிச் சொல்லேல்லை. உள்ளுக்கையிருந்து வந்த சுவாமியார் வவுனியாவிலையிருந்து திருப்பிப் போன் எடுத்தவர். அலெக்ஸைத் தன்ரை கையாலை அடக்கம் பண்ணினதாம், சந்தேகம் வைச்சுக்கொண்டு இருக்கவேண்டாமாம். பூசையிலை பேர் வாசிக்கக் கேக்கிறார்.

– நாளைக்கு வாசிக்கட்டும்.

– அன்ரனெற்…

– இஞ்சேருங்கோ, கேளுங்கோ. இவனுக்கு இண்டைக்கு அரை மணித்தியாலம் குடுத்திருக்கினம். தலை நரைக்குமட்டும் காத்திருந்து கிடைச்ச அரை மணித்தியாலம். நான் இப்பச் சொன்னன் எண்டால் இவன் மேடை ஏறமாட்டான். வானைத் திருப்பு எண்டுவான். வீட்டை வந்து பேஸ்மென்ரிலை இருப்பான். அந்த மனுசன் பிளேன் ஏறித் திரும்பிப் போவார். ஒம்பதரை மட்டும் பொறுங்கோ. ஒம்பதரைக்கு நானே சொல்லுறன்.

– பிறகு, தெரிஞ்சுகொண்டும் ஏன் என்னைப் பாடவிட்டாய் எண்டு கேட்டால்?

– கேக்கட்டும். என்னோடை வாழ்நாள் முழுக்கக் கதையாமல் விட்டாலும் விடட்டும். நான் ரெண்டு நாளாச் சிரிச்சுக்கொண்டு ரோல்ஸ் சுத்தியிருக்கிறன். இன்னும் ரெண்டு மணித்தியாலம் என்னாலை ஏலும்.

– அழுதியோ, முதலிலை?

– வேலையிலை. சாமான் குளிரவைக்கிற பிறிட்ஜ் அறைக்குள்ளை போய்.

– ஏன் வீட்டிலை அழக் கூடாதோ? இந்தக் குடும்பத்தோடை எனக்கு வாழ ஏலாது. ஆருக்கும் ஒண்டும் சொல்லக் கூடாதெண்டால் எல்லாத்தையும் என்னட்டை மட்டும் ஏன் கொண்டுவாறியள், ரெண்டு பேரும்?

– எந்த ரெண்டு பேர்?

– நீயும்… சுவாமியாரும்.

– சுவாமியார் ஆரிட்டைச் சொல்லவேண்டாம் எண்டவர்?

– ஒருத்தரிட்டையும் இல்லை. லைன் சரியில்லை, அன்ரனெற். கவனமா ஓடு. அவன்ரை சாமானை ஒண்டும் உடைச்சுப் போடாதை, எல்லாத்தையும் பாத்துத் தூக்கு. விளங்குதோ?

– உங்களுக்கு என்னத்துக்கு அவன்ரை சாமான்? ஹலோ… வைச்சிட்டார்.

– ஆர், அத்தானோ?

– ஓ… வந்திட்டியோ? ஓம், அத்தான்தான். பின் சீற்றைக் கழட்டினதுக்குப் புறுபுறுக்கிறார். ஏன் உனக்குக் கண் சிவந்து கிடக்கு?

– ஏரிக் காத்து. மேலை சரியான காத்து.

– ஆரும் ஏதும் சொன்னவையோ?

– என்னத்தை?

– ஒண்டுமில்லை. ஸ்டெபனியைக் கண்டனியோ?

– கண்டனான். பொலிஸ்காரனுக்கும் தண்ணிப் போத்தல் குடுக்கிறாள். மாமா, உங்கடை ஷோவுக்கு லேற் ஆக்கிட்டம், ஐ ஃபீல் சோ பாட் எண்டாள். உன்ரை அம்மா வானைத் தோளிலை சுமப்பா, நீ யோசியாதை எண்டன். ஒரு பொடியன் என்னை அடையாளம் கண்டவன், அக்கா.

– எங்கடை பொடியனோ?

– அஜின்கோர்ட்டிலை இருக்கிறவனாம். இண்டையான் ஷோவுக்கு ரிக்கற் வைச்சிருந்தவனாம், இஞ்சை வந்திட்டான். தன்ரை பலகையின்ரை பின்பக்கத்திலை கையெழுத்துக் கேட்டான். முன்பக்கத்தைப் பாத்தன், செத்த சனத்தின்ரை படம், பிறகு நான் கையெழுத்து வைக்கேல்லை. அவனைக் கட்டிப்பிடிச்சிட்டு வந்திட்டன்.

– இவ்வளவு நேரமும் அதுதானோ?

– இல்லை. அங்கை ஒருத்தன் மேளம் அடிச்சுக்கொண்டிருந்தான். அதைக் கேட்டுக்கொண்டு நிண்டிட்டன். தாளம் பிந்திப் பிந்தி வந்தது. களைச்சுப் போனான், பாவம். விடாமல் அடிச்சான்.

– வாங்கி நீ அடிச்சிருக்கலாமே.

– ஆள் அடிச்சுக்கொண்டு நிக்கேக்கையோ? பொறு, அக்கா. முன்னுக்குப் பார். பொலிஸ்காரன் கையைக் காட்டுறான்.

– எக்சிற்றாலை இறங்கச் சொல்லுறான் போலை. அந்தோனியாருக்கு மெழுகுதிரி. ரோல்ஸ் பெட்டியைப் பிடி. கீழாலை விட்டு அடிச்சால் பத்து நிமிசம்.

– ஆறுதலா ஓடு. சவுண்ட் செக் போனது போனதுதான்.

– சவுண்ட் செக் இல்லாமல் ஏலுமோ?

– முந்தி ரெண்டு ஊமைக் கட்டையோடை கூத்துக்கே வாசிச்சனாங்கள். பிரச்சினை இல்லை.

– கிளி.

– ம்.

– மேடையிலை நிக்கேக்கை ஒண்டையும் நினையாதை. இந்தச் சண்டை, சனம், காம்ப், ஒண்டையும் நினையாதை. வாசி. மற்றதெல்லாத்தையும் நான் பாத்துக்கொள்ளுறன்.

– நீ சின்னனிலையிருந்து மற்றதெல்லாத்தையும் பாத்துக்கொண்டுதானே இருக்கிறாய், அக்கா.

– புகழாதை, லைற் மாறிப்போடும். உந்த ஒழுங்கையோ?

– ஓம், உந்தக் கறுப்புக் கதவு. பின்பக்கத்தைக் கொண்டுபோய் ஒட்டி விடு. அப்பிடியே… நில்லு, நில்லு. சரி.

– இன்னும் வெளிச்சம் இருக்கு. சொன்ன மாதிரிக் கொண்டுவந்து விட்டிட்டன். இப்பதான் பசிக்குது.

– ஒரு ரோல்ஸ் தின்னன்.

– நீ தின்னுறியோ?

– தா, ஒண்டு. இண்டைக்கு மட்டும்.

– வீகன்?

– அலெக்ஸ் அண்ணை இருந்திருந்தால்… இஞ்சை இருந்திருந்தால் பெட்டியோடை முடிச்சிருப்பார். அவருக்காக ஒண்டு.

– ம். உறைப்புக் கூடவோ?

– இல்லை. அம்மான்ரை கை.

– கெதியாத் திண்டிட்டு இறக்கு. நான் உள்ளுக்கை வந்து நிப்பன், ஆனால் பின்னுக்கு. முன்னுக்கு நிண்டால் நீ என்ரை முகத்தைப் பாப்பாய். முடிய உன்னோடை எனக்கு ஒரு கதை இருக்கு, கிளி.

– என்ன கதை?

– முடிய.

– சரி. கடைசிப் பாட்டைக் கேட்டிட்டுச் சொல்லு. அது புதுசு, இன்னும் ஆருக்கும் வாசிச்சுக் காட்டேல்லை. நியூயோர்க் மனுசனுக்குக் கூடத் தெரியாது.

– அதுக்கும் காலாலை பெட்டி மிதிச்சு அடுக்குவியோ?

– இல்லை. அதிலை ஓகன் இல்லை, கிற்றார் இல்லை, ஒண்டும் சுத்தாது. ஒரே ஒரு வாத்தியம். சொல்லப்போனால் எனக்கு அது இன்னும் வடிவா வராது. மூண்டு கிழமையாத்தான் பழகிறன். பேஸ்மென்ரிலை நடந்தது தாளம் எண்ணிக்கொண்டுதான்.

– மூண்டு கிழமையிலை பழகி இண்டைக்கு வாசிக்கிறியோ? விசரே உனக்கு? எது அது?

– நீ ரோல்ஸ் பெட்டி வைக்கப் பாத்தாயே, அந்தப் பை. எடுத்துத் தா. ரெண்டு கையாலையும் தூக்கு.

– உது நல்ல பாரம். ஒரு பக்கம் பெரிசு, மற்றப் பக்கம் சின்னனா இருக்கு. கிளி, இதென்ன?

– சிப்பை இழு, அக்கா.

– கிளி, இது மத்தளம்.

– ஓம்.

– கிளிபோட். இது மத்தளம்.

– ஓம், அக்கா. அண்ணை சொன்ன மாதிரி, பிறகுதான் தொட்டனான்.